கவுண்டரிலிருந்து தரநிலைக் குழுவுக்கு

கேள்வி: டெக்சாஸில் ஒரு பார்மசியில் பல ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். மருத்துவமனைக் கணினிக்கும் பார்மசிக் கணினிக்கும் இடையே மருந்துத் தகவல் பிழையின்றிச் செல்வதற்கான தரநிலைகளை வகுக்கும் துறைக்கு மாறி, அதில் பொறுப்பான நிலைக்கு உயர விரும்புகிறேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. வயதும் நாற்பதைக் கடந்துவிட்டது. இது சாத்தியமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சாத்தியமே. நிரல் எழுதுவோர் இத்துறையில் ஏராளமாக இருக்கிறார்கள். மின்மருந்துச் சீட்டு எந்த இடத்தில் பழுதாகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள்தான் குறைவு.

பிரெட்னிசோன் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து உட்கொள்ளச் சொல்லும் சீட்டை நினைத்துப் பாருங்கள். மின்மருந்துச் சீட்டை அனுப்பும் முறையை வகுக்கும் 'ஸ்கிரிப்ட்' தரநிலையின் 10.6 பதிப்பில், உட்கொள்ளும் முறையை எழுத 140 எழுத்துகளுக்கே இடம் இருந்தது. எந்த நாளில் எத்தனை மாத்திரை என்பது அதில் அடங்காதபோது, மீதியைக் குறிப்புப் பகுதியில் எழுதும் நிலை மருத்துவருக்கு ஏற்படும். இரண்டும் முரண்பட்டால், நோயாளியைக் காக்க வைத்துவிட்டு மருத்துவரைத் தொலைபேசியில் தேட வேண்டியவர் நீங்கள். 2020 ஜனவரி 1 முதல், முதியோர் உள்ளிட்டோருக்கான அமெரிக்க அரசின் மருந்துக் காப்பீடான மெடிகேர் பார்ட் டி திட்டத்தில் கட்டாயமான 2017071 பதிப்பு அந்த இடத்தை 1000 எழுத்துகளாக உயர்த்தியது. இத்தகைய போதாமையை மேசையில் அமர்ந்து ஊகிப்பது கடினம்.

ஆனால் தலைமைப் பொறுப்பின் கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. மருத்துவர் ஒரு மருந்தை நிறுத்தியதைப் பார்மசிக்கு அறிவிக்கும் செய்தி தரநிலையில் நெடுங்காலமாக இருந்தும், அனுப்பும் மென்பொருளும் பெறும் மென்பொருளும் ஒருசேர அதை நடைமுறைப்படுத்தாத இடங்களில், நிறுத்தப்பட்ட மருந்து ரீஃபிலாகத் தொடர்ந்து நோயாளியின் கைக்குச் சென்றது. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிறுவனங்களை ஒரே மேசையில் அமர்த்தி, செலவை ஏற்று ஒரே நாளில் மாறச் சம்மதிக்க வைப்பதே இப்பணியின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். அதற்குப் பொறுமையும், எழுத்தில் துல்லியமும், எதிர்த்தரப்பின் சிரமத்தை மதிக்கும் மனமும் வேண்டும்.

பார்மசித் தகவல் தரநிலைகளை வகுக்கும், அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் இயங்கும் என்.சி.பி.டி.பி. அமைப்பு 1977 முதல் இத்துறையில் இருக்கிறது; ஸ்கிரிப்ட் தரநிலை அதனுடையதே. உங்கள் நிறுவனம் அதன் உறுப்பினரா என்று விசாரியுங்கள். உறுப்பினரானால், பணிக்குழுக் கூட்டங்களில் சில காலம் செவிகொடுத்து அமருங்கள். மாற்றம் கோரும் 'டெர்ஃப்' விண்ணப்பங்கள் எப்படி வாதிடப்படுகின்றன என்பதை அங்கேதான் கற்க முடியும். கூடவே ஆர்எக்ஸ்நார்ம் மருந்துக் குறியீடுகளையும், மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்காக மருத்துவமனைத் தரப்பில் பரவிவரும் எச்.எல்.7 அமைப்பின் ஃபயர் தரநிலையையும் வாசித்துப் புரிந்துகொள்ளுங்கள். மருந்தாளுநரின் பராமரிப்புக் குறிப்பு மற்ற மருத்துவப் பணியாளரைச் சென்றடைவதற்கான 'பார்மசிஸ்ட் ஈகேர் பிளான்' தரநிலை, என்.சி.பி.டி.பி., எச்.எல்.7 ஆகிய இரு அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கியது. உங்கள் அனுபவத்துக்கு அது மிக நெருக்கமான வாசல்.

இப்போதைய வேலையை விட்டுவிட வேண்டாம். ஸ்கிரிப்ட்டின் 2023011 பதிப்புக்கு 2028 ஜனவரி 1-க்குள் மாற வேண்டியிருப்பதால், மென்பொருள் நிறுவனங்களுக்கும் பார்மசிகளுக்கும் இதை அறிந்தவர்கள் தேவைப்படுவார்கள். இந்த மாதம் உங்கள் கவுண்டரில் விளக்கம் கேட்டுத் திரும்பும் ஒவ்வொரு மின்சீட்டிலும் எந்தப் பகுதியில் சிக்கல் நேர்ந்தது என்பதை, நிறுவனத்தின் அனுமதியோடும் நோயாளியின் அடையாளம் எதுவுமின்றியும் குறித்துவையுங்கள். பணிக்குழுவில் முதன்முறை பேசும்போது அந்தப் பட்டியலோடு செல்லுங்கள்.