கேமரா பைக்குள் இருக்கும் நேரம்

அன்புள்ள சார்,

பத்து வருடங்களாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இதிலேயே ஓய்வுபெற வேண்டும் என்று நினைத்தால் மனசு ஒப்பவில்லை. புகைப்படம் எடுப்பதில் சின்ன வயதிலிருந்தே ஆசை. விடுமுறை நாளில் விடியும் முன்பே கேமராவோடு கிளம்பிவிடுவேன். பறவைகள், இலைகள், சுவரில் விழும் வெயில் என்று எதையாவது எடுத்துக்கொண்டிருப்பேன். பார்ப்பவர்கள் எல்லோரும் "இதையே தொழிலாகச் செய்யலாமே" என்கிறார்கள்.

தொழில் என்றால் கல்யாண போட்டோகிராஃபிதான், அதில்தான் வருமானம் என்கிறார்கள். நானோ அதிகம் பேசாதவள். கூட்டத்தில் ஓரமாக நிற்பவள். "உனக்கு வாய் சாமர்த்தியம் கிடையாது, வியாபாரம் ஒத்துவராது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இணையத்தில் ஓர் ஆளுமைத் தேர்வு எழுதிப் பார்த்தேன். அதுவும் ஏறக்குறைய அதையே சொன்னது. பிடித்ததைச் செய்வதா, சுபாவத்துக்கு ஏற்றதைச் செய்வதா? இரண்டும் ஒத்துப்போகாதவர்கள் என்ன செய்ய வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

பெரியவர்கள் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

பேச்சுத் திறமை உள்ளவர்தான் தொழில் செய்ய முடியும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். ஹாவ் ஜாவோ, ஸ்காட் சைபர்ட் என்ற ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த பல ஆய்வுகளைத் திரட்டி, சொந்தத் தொழில் தொடங்கியவர்களையும் நிறுவனங்களில் மேலாளர்களாக இருப்பவர்களையும் ஒப்பிட்டு 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உளவியலில் ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பிரித்து அளப்பது வழக்கம். தொழில் தொடங்கியவர்களிடம் எடுத்த காரியத்தை முடிக்கும் ஒழுங்கும் புதியதை ஏற்கும் மனமும் கூடுதலாக இருந்தன. பதற்றமும், எல்லோருக்கும் இணங்கிப்போகும் குணமும் குறைவாக இருந்தன. ஐந்தாவது கூறில் மட்டும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த ஐந்தாவது, நாலு பேரோடு கலகலப்பாகப் பழகும் தன்மை!

அதனால் வாய் சாமர்த்தியத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. "இதற்கு இவ்வளவு ஆகும்" என்று ஒரு தொகையைச் சொல்கிறீர்கள். எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு நீங்களாகவே தொகையைக் குறைத்துவிடாமல் இருக்க முடியுமா? பாக்கி வைத்தவருக்கு மூன்றாவது முறையும் அதே நிதானத்தோடு நினைவூட்ட முடியுமா? இணங்கிப்போகும் குணம் அதிகமாக இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நிலுவைப் பட்டியல் புதிதல்ல. அதிகம் பேசாதவர்கள் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அமைதியாக இருப்பது, பேச்சுக்காரர்கள் இருப்பதைவிடச் சுலபம் என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்த ஆளுமைத் தேர்வு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும்தான் அது அளந்திருக்கிறது. தொழில் தேர்வைப் பற்றி ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் எழுதத் தொடங்கினார். அவர் மனிதர்களை ஆறு வகையாகப் பிரித்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வேலைச் சூழல்களையும் அவர் அதே ஆறு வகையாகப் பிரித்தார் என்பது மறந்துபோய்விட்டது. ஆளும் சூழலும் பொருந்துகின்றனவா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. நீங்கள் உங்களை அளந்து பார்த்தீர்கள், தொழிலை அளந்து பார்க்கவில்லை. 'வியாபாரம்' என்று ஒரே ஒரு வேலை உலகத்தில் எங்கும் இல்லையே!

சரி, கல்யாண போட்டோகிராஃபியையே எடுத்துக்கொள்வோம். அதில் கேமரா கையில் இருக்கும் நேரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பைக்குள் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். விசாரித்து வரும் அழைப்புகள், சந்திப்புகள், அட்வான்ஸ், யார் யாரையெல்லாம் எடுக்க வேண்டும் என்ற பட்டியல். நிகழ்ச்சி முடிந்ததும் மெமரி கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களில் கண் மூடியவை, மங்கியவை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். நிறம் சரிசெய்ய வேண்டும். ஆல்பம் வடிவமைத்து அனுப்பினால் "இந்தப் படத்தில் அத்தை இல்லையே" என்று திரும்பி வரும். மறுபடி மாற்றம், மறுபடி அழைப்பு, கடைசியில் மீதிப் பணம். கேமராவைக் கையில் எடுக்கும் நேரத்திலும் நீங்கள் ஓரமாக நின்று காத்திருக்க முடியாது. முப்பது பேரை வரிசையில் நிறுத்தி, "கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க, கண்ணாடியைக் கழட்டுங்க" என்று சத்தமாகச் சொல்லி நகர்த்த வேண்டும். அந்தக் கணம் திரும்ப வராது என்ற அழுத்தம் வேறு.

இந்தக் களேபரம் சிலருக்கு உற்சாகம் தரும். நானும் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நாள் முழுக்க நின்றாலும் அவர்கள் முகத்தில் களைப்பு தெரியாது. உங்கள் கடிதத்தில் நான் கண்டது வேறு ஒரு ஆசை. யாருக்கும் தெரியாமல் ஒரு பொருளின் முன்னால் நின்று, வெளிச்சம் மாறும்வரை பொறுத்திருப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறது. 'எனக்கு போட்டோகிராஃபி பிடிக்கும்' என்பதோடு நிறுத்திக்கொண்டால் இது கண்ணில் படாமல் போய்விடும். ஆசையைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேமரா பிடிக்கிறதா, வெளிச்சம் பிடிக்கிறதா, தனிமை பிடிக்கிறதா, படத்தைப் பிறர் பாராட்டுவது பிடிக்கிறதா? ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு தொழிலுக்குக் கொண்டுபோகும்.

இன்னொரு வேலையை அருகில் போய்ப் பார்ப்போம். இணையத்தில் விற்பவர்களுக்காகப் பொருட்களைப் படம் எடுத்துக் கொடுப்பது. பளபளக்கும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை மேசையில் வைக்கிறீர்கள். அது கண்ணாடி மாதிரி. அறையில் உள்ள ஜன்னல், டிரைபாட், உங்கள் சட்டை நிறம் எல்லாம் அதன் வயிற்றில் தெரியும். சுற்றிலும் வெள்ளைத் தாளோ துணியோ கட்டி, லென்ஸ் நுழைய மட்டும் இடைவெளி விட்டு, வெளிச்சத்தை அந்தத் துணி வழியாக உள்ளே விட வேண்டும். இப்போது பிரதிபலிப்பு போய்விடும், ஆனால் கிண்ணத்தின் விளிம்பும் வெள்ளைப் பின்னணியில் கரைந்துவிடும். இரண்டு பக்கமும் கறுப்பு அட்டைத் துண்டுகளை நிறுத்தினால் விளிம்பு கோடு போட்ட மாதிரி எழுந்து வரும். விளக்கை விரல் அகலம் நகர்த்தினால் பளபளப்பு வேறு இடத்துக்குப் போகும். கைரேகை படாமல் கையுறை போட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும். முதல் கிண்ணத்துக்கு அரை மணி நேரம் ஆகலாம். அப்புறம் அதே உயரம், அதே வெளிச்சம், அதே கோணத்தில் இன்னும் ஐம்பது கிண்ணம். பேச்சு மிகக் குறைவு. எத்தனை படம், என்ன அளவு, எந்தத் தேதி என்பதெல்லாம் எழுத்திலேயே முடிந்துவிடும். பொருந்திப்போனால் அதே வாடிக்கையாளர் ஒவ்வொரு மாதமும் வருவார்.

ஒரு கலகலப்பான ஆளை இந்த மேசை முன்னால் உட்கார வைத்தால் இரண்டே நாளில் ஓடிவிடுவார். நீங்கள் உட்காருவீர்கள் என்று என் மனசு சொல்கிறது, ஆனால் அது உங்கள் கைக்குத்தான் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு அது. படம் வரைவதை விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதில் இருந்த ஆர்வம் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை. குழந்தைகளிடம் கண்டதை அப்படியே தொழிலுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் உங்கள் பறவைகளைத் தொழிலுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். விடியற்காலைப் படங்களுக்கு வாடிக்கையாளரும் கெடுவும் வேண்டாம். அவை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அப்படியானால் பிடிப்பு இல்லாத தொழிலா என்று கேட்பீர்கள். பிடிப்பு முன்னால் வந்தால்தான் உழைப்பு பின்னால் வரும் என்பதும் முழு உண்மை இல்லை. மைக்கேல் கீல்னிக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில் தொடங்கியவர்களை வாரா வாரம் கவனித்தபோது, ஒரு வாரம் போட்ட உழைப்பு அடுத்த வாரத்தின் ஈடுபாட்டைக் கூட்டியது. அதே குழுவினர் தனியாக நடத்திய ஒரு சோதனையில் அதற்கு இரண்டு நிபந்தனைகள் தெரிந்தன. தொழிலை ஒருவர் தானே விரும்பித் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், வேலையில் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றமும் இருக்க வேண்டும். முதல் கிண்ணத்தின் விளிம்பு சரியாக வந்துவிட்டால் இரண்டாவது கிண்ணத்தின் மேல் ஆசை வரும்.

சுபாவத்தை மாற்றிக்கொள்ளாமல் தொழிலுக்குள் வந்த ஒருவரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஆப்பிள் கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக், அப்போது ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். ஆப்பிளில் முதலீடு செய்ய வந்த மைக் மார்க்குலா, அந்த வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்றபோது வோஸ்னியாக் முதலில் மறுத்துவிட்டார். நிர்வாகம் செய்வதும் ஆட்களை மேய்ப்பதும் அவருக்கு ஆகாது. சொந்த நிறுவனத்திலும் நீ பொறியாளராகவே இருக்கலாம், மேலாளர் ஆக வேண்டியதில்லை என்று ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். பேச்சும் பேரமும் வேறு ஆட்களிடம் போயின. உங்களுக்கும் ஒரு கூட்டாளி அமையலாம், அமையாமலும் போகலாம். எது உங்கள் வேலை இல்லை என்று அவரைப் போலத் தெளிவாகத் தெரிந்து வைத்திருங்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். அமெரிக்கத் தரவுகளை வைத்து ஜோசஃப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கி அப்புறம் முழு நேரத்துக்கு மாறியவர்கள் தோற்கும் வாய்ப்பு, ஒரேயடியாக வேலையை விட்டுவிட்டு வந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இணையத்தில் எதையாவது விற்கும் தெரிந்தவர் ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய பொருட்களைக் காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுங்கள். இலவசமாகச் செய்தால் எதிராளி எதையும் திருத்தச் சொல்ல மாட்டார், உங்களுக்கும் தொகையைச் சொல்லிப் பழக வழி இருக்காது. அப்படி இரண்டு மூன்று வேலை முடியட்டும். ஒவ்வொன்றிலும் எந்த நேரம் கடிகாரத்தைப் பார்க்காமல் போனது, எந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். அதே சமயம் ஒரு கல்யாணத்துக்கு யாராவது போட்டோகிராஃபரிடம் உதவியாளராகவும் ஒருநாள் போய் நின்று பாருங்கள். நான் சொன்னது தவறாகவும் இருக்கலாம், கூட்டத்துக்கு நடுவே கேமரா உங்களுக்கு ஒரு மறைவிடமாகக்கூட ஆகிவிடலாம். அந்தக் குறிப்புகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.