வாசகர் கேள்வி – பதில்: அன்ரெனாவும் உப்புக்காற்றும்

இம்முறை அன்ரெனா பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கரையோரத்தில் கேபிளும் இணைப்புகளும் கெடும் விதம் உள்நாட்டு ஊர்களைப் போலல்ல. அதனால் விடைகளும் கொஞ்சம் வேறுபடும்.

கேள்வி: எங்கள் பைபர் படகில் 25 வாட் விஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை வானொலி) செட் இருக்கிறது. வாகனங்களுக்கு விற்கும் கால் அலை அன்ரெனாவைக் கேபின் கூரையில் திருகிப் பூட்டினோம். ஆறேழு கிலோமீற்றருக்கு அப்பால் பேச்சு அறுந்துபோகிறது. வலுக்கூடிய செட் வாங்கினால் சரிவருமா?
*– கடற்றொழிலாளர், குச்சவெளி*

சரிவராது. காசைச் செட்டில் போடாதீர்கள். உங்கள் அன்ரெனாவில் பாதிதான் படகில் இருக்கிறது.

கால் அலைக் கம்பி (அலைநீளத்தில் கால் பங்கு நீளமானது) தனியே வேலை செய்யாது. கம்பியில் ஏறும் மின்னோட்டத்துக்கு ஈடான மின்னோட்டம் அதன் அடியில் உள்ள உலோகப் பரப்பில் ஓட வேண்டும். வாகனத்தில் இரும்புக் கூரை அந்த இடத்தை நிரப்புகிறது. பைபரில் அப்படி ஒரு பரப்பு இல்லாததால் மின்னோட்டம் கேபிளின் வெளிப்பின்னல் (தோலுக்குள் உள்ள செப்பு வலை) வழியே செட் வரை இறங்கி வருகிறது. குறைந்த வலுவில் செட்டின் பேச்சுப் பொத்தானை அழுத்திக்கொண்டு கேபிளைக் கையால் பொத்திப் பிடித்துப் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் மீற்றரின் (அன்ரெனாவிலிருந்து திரும்பும் வலுவைக் காட்டுவது, எண் 1க்குக் கிட்ட இருந்தால் நல்லது) முள் அசைந்தால் சந்தேகமே வேண்டாம்.

அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரிய சனல் 16இன் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ். 300ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் 1.91 மீற்றர். அரை அலை 96 சென்ரிமீற்றர். உலோகக் கம்பியில் நுனி விளைவால் ஏறக்குறைய 5 வீதம் குறைத்து 91 சென்ரிமீற்றர் எடுப்போம். பைபர் படகுக்கு அடித்தளம் தேவைப்படாத அரை அலைக் கடல் அன்ரெனாவே பொருத்தம். கடையில் வாங்கும்போது "அடியில் உலோகம் வேண்டுமா?" என்று கேட்டு வாங்குங்கள்.

கரையில் வாடிக்கு ஒன்று வேண்டுமானால் நீங்களே செய்யலாம். எஸ்ஓ-239 சொக்கெற் (கேபிளின் பிளக் பூட்டும் இணைப்பு) ஒன்று, 3 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி சுமார் இரண்டரை மீற்றர், சின்னத் திருகாணிகள் நான்கு போதும். சொக்கெற்றின் நடு முனையில் 47 சென்ரிமீற்றர் கம்பியை நிமிர்த்திச் சொல்டர் பண்ணுங்கள். நான்கு மூலைத் துளைகளிலும் 48 சென்ரிமீற்றர் கம்பிகளைப் பூட்டி 45 பாகை கீழே வளையுங்கள். கீழ்க்கம்பிகளைக் கிடையாக விட்டால் தடை 36 ஓம் அளவில் நிற்கும். வளைத்தால் 50 ஓமுக்குக் கிட்ட வரும். பிறகு நிமிர்ந்த கம்பியின் நுனியைச் சில மில்லிமீற்றராக அரத்தால் உரசி எடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் குறைந்தால் ஒத்திசைவு (அன்ரெனா நன்றாக வேலை செய்யும் அலைவரிசை) மூன்றரை மெகாஹேர்ட்ஸ் அளவு மேலே பாய்ந்துவிடும். குறட்டால் நறுக்கியவர்கள்தான் பெரும்பாலும் மறுபடி கம்பி வாங்கப் போகிறார்கள்.

இனி தூரம். விஎச்எஃப் அலை வானொலித் தொடுவானம் வரைதான் ஒழுங்காகப் போகும். அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் விடை வரும். இரு முனைக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். இரண்டு படகிலும் 3 மீற்றர் உயரம் என்றால் மொத்தம் 14 கிலோமீற்றர். வாடியில் 16 மீற்றர் கம்பம் நாட்டினால் வாடிக்கும் படகுக்கும் இடையே 23 கிலோமீற்றர் தாண்டும். 25 வாட்டை 50 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் (வலு விகிதத்தின் அலகு) மட்டுமே, தொடுவானம் தள்ளிப்போகாது.

கேள்வி: 9 டெசிபல் ஈட்டம் உள்ள நீட்டு அன்ரெனா சின்னப் படகுக்கு நல்லதா?
*– வாசகர், மூதூர்*

வேண்டாம். ஈட்டம், அதாவது அலையை ஒரு பக்கம் குவிக்கும் திறன், கூடக் கூட அலை தட்டையாகக் குவிகிறது. வாடைக் காலத்தில் படகு சரியும்போது ஒரு தடவை வானத்துக்கும் மறுதடவை தண்ணீருக்கும் பேசுவீர்கள். சின்னப் படகுக்கு 3 டெசிபல் என்று விற்பதே போதும். கரையில் அசையாத கம்பத்துக்கு 6 டெசிபல் போடலாம்.

கேள்வி: செட்டில் எஸ்டபிள்யூஆர் 1.2தான் காட்டுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் பூட்டியபோது 1.6 இருந்தது. ஆனால் இப்போது யாருக்கும் எங்கள் குரல் கேட்பதில்லை. மீற்றர் பழுதா?
*– வாசகர், சீனக்குடா*

மீற்றர் உண்மையைத்தான் சொல்கிறது. கெட்டது கேபிள். எஸ்டபிள்யூஆர் தானாகவே இறங்கினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

அன்ரெனாவில் மோதித் திரும்பும் வலுவை அளந்துதான் மீற்றர் அந்த எண்ணைக் காட்டுகிறது. கேபிளுக்குள் இழப்பு இருந்தால் போகும் அலையும் தேயும், திரும்பும் அலையும் தேயும். திரும்பி வருவது சொற்பமாக இருப்பதால் எண் அழகாகத் தெரியும். ஒரு வழியில் 10 டெசிபல் இழக்கும் கேபிளில் அன்ரெனாவே இல்லாவிட்டாலும் 1.2தான் காட்டும். அதாவது 25 வாட்டில் இரண்டரை வாட்தான் மேலே போகிறது.

சோதிப்பது இலகு. மேல்முனையில் அன்ரெனாவைக் கழற்றிவிட்டு, கீழ்முனையில் அன்ரெனா அனலைசரை (மிகக் குறைந்த வலுவில் எஸ்டபிள்யூஆர் அளக்கும் கருவி) பூட்டுங்கள். செட்டைக் கொண்டு அழுத்த வேண்டாம். திறந்த முனையில் முழு வலு கொடுத்தால் வெளியீட்டுப் பகுதி எரியலாம். 20 மீற்றர் புது ஆர்ஜி-58 கேபிள் 156 மெகாஹேர்ட்ஸில் 4 டெசிபல் அளவு இழக்கும். திறந்த முனையோடு எஸ்டபிள்யூஆர் 2.3 அளவில் நிற்க வேண்டும். 1.5 காட்டினால் ஒரு வழி இழப்பு 7 டெசிபல், ஐந்தில் ஒரு பங்கு வலுதான் தப்புகிறது.

பிறகு மேல்முனையிலிருந்து 30 சென்ரிமீற்றர் வெட்டி, வெளித்தோலை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நல்ல பின்னல் பளபளப்பாக இருக்கும். உப்புநீர் ஏறிய பின்னல் கறுத்து, விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும்; சொல்டர் அதில் பிடிக்காமல் உருண்டு விழும். பின்னலின் இழைகள் வழியே நீர் மீற்றர் கணக்கில் ஊர்ந்திருக்கும். ஆகவே முனையை மட்டும் வெட்டி மறுபடி பூட்டுவது வீண்வேலை. முழுக் கேபிளையும் மாற்றுங்கள். மாற்றும்போது தடித்த ஆர்ஜி-213 கேபிள் போடுங்கள்: அதே 20 மீற்றருக்கு இழப்பு 2 டெசிபலுக்குள் அடங்கும்.

புதுக் கேபிளையும் பாதுகாக்காவிட்டால் அதே கதிதான். பிஎல்-259 பிளக்கின் பின்னலைச் சொல்டர் பண்ணுங்கள், நெரித்து விடாதீர்கள். சாதாரண கறுப்பு ரேப் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் இறப்பர் ரேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, கீழிருந்து மேலாகப் பாதிக்குப் பாதி மூடிவரும்படி சுற்றுங்கள். அதன் மேல் கறுப்பு ரேப் ஒரு சுற்று. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேள்வி: அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்திருக்கிறேன். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு இருமுனை அன்ரெனா (நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி) கட்ட வேண்டும். வீட்டு வளவில் 7 மீற்றர் உயரம்தான் கிடைக்கும். கொழும்போடும் யாழ்ப்பாணத்தோடும் பேச இது காணுமா?
*– மாணவர், உவர்மலை*

தாராளமாகக் காணும். உங்கள் தேவைக்கு உயரம் குறைவாக இருப்பதே நல்லது. 7 மீற்றர் என்பது இந்த அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு தாழ்வில் அலை நேரே மேலே எழுந்து, அயனமண்டலத்தில் (மேல் வானில் அலையைத் திருப்பும் மின்னேறிய படை) பட்டு, குடைபோல் கீழே விழும். இரண்டு ஊர்களும் 250 கிலோமீற்றருக்குள் இருப்பதால் அந்தக் குடைக்குள் அடங்கும். 21 மீற்றர் உயரத்தில் கட்டினால் அலை சரிந்து வெளிநாட்டுக்குப் போகும், கொழும்புக்குக் குறையும். நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகலில் அயனமண்டலம் இந்த அலைவரிசையைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். விடியப்புறம் அது மெலியும். அப்போது கிட்டிய ஊர்கள் மறைந்து தூர நாடுகள் மட்டும் கேட்கும். அந்நேரத்துக்கு 3.5 மெகாஹேர்ட்ஸ் பட்டைக்கு இறங்குங்கள்.

300இல் பாதியிலிருந்து நுனி விளைவுக்கு 5 வீதம் கழித்தால் 142.5. அதை 7.1ஆல் வகுத்தால் மொத்த நீளம் 20.07 மீற்றர், ஒரு கைக்கு 10.03. உறையுள்ள வீட்டு வயர் பாவித்தால் ஒத்திசைவு கீழே விழும். 6.95இல் விழுந்தது என்று வையுங்கள்: 20.07ஐ 6.95ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 19.65. ஆகவே ஒவ்வொரு கையிலும் 21 சென்ரிமீற்றர் குறைக்க வேண்டும். வெட்டாமல் மடித்து, கம்பியோடு ஒட்டி முறுக்கிவிடுங்கள், பிழைத்தால் அவிழ்க்கலாம். கேபிள் சேரும் இடத்தில் எஃப்டி 240-43 பெரைற் (இரும்பு ஒட்சைட்டுப் பீங்கான்) வளையத்தில் ஆர்ஜி-58ஐ 10 முதல் 12 சுற்றுச் சுற்றினால் பின்னல் வழியே மின்னோட்டம் இறங்காது.

நுனிகளில் மின்னழுத்தம் அதிகம். ஈர ஓலையில் முட்டவிடாதீர்கள். தடித்த தங்கூசி நூல் நல்ல காப்பு. ஆனால் வெயிலில் நொருங்கும், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். தென்னையில் கட்டுவதானால் ஒரு முனையைக் கப்பியில் போட்டு மணல் நிரப்பிய போத்தலைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது போத்தல் ஏறி இறங்கும், கம்பி அறாது.

கேள்வி: இடி மின்னலுக்குக் கம்பத்தை நிலத்தோடு இணைத்தால் செட் தப்புமா?
*– வாசகர், நிலாவெளி*

நேரடி இடிக்கு எதுவும் தப்பாது. கம்பத்தின் நிலக்கம்பியை வீட்டு மின் நிலக்கம்பியோடு தடித்த செப்புக் கம்பியால் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டும் தனித்தனியே இருந்தால் அருகில் இடி விழும்போது இடைப்பட்ட மின்னழுத்தம் செட்டுக்குள்ளால்தான் பாயும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்நேரம் இருட்டிக்கொண்டு வரும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். முழக்கம் கேட்கத் தொடங்கிய பிறகு அதைக் கையால் தொடக்கூடாது.