எலைன் ஏன் வருந்தவேண்டும்?

அன்புள்ள சார்,

சென்னையில் ஒரு அமெரிக்கக் கம்பெனிக்காக நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். நான் அறைக்கு வரும் நேரத்தில் கூட இருப்பவர்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பேச ஆள் கிடையாது. சாப்பிடும்போது பார்க்கலாமே என்று ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை ஆரம்பித்து 180 எபிசோடும் முடித்துவிட்டேன். கடைசியில் ஜெர்ரி, எலைன், ஜார்ஜ், கிரேமர் என்று முக்கியப் பாத்திரங்கள் நாலு பேரையும் ஜெயிலில் போட்டுவிட்டார்கள். இவ்வளவு நாள் பார்த்ததே வீண் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் ஒரு வீடியோ பார்த்தேன். 2015இல் அமெரிக்க டிவி தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனின் கடைசி நிகழ்ச்சி. எலைனாக நடித்த ஜூலியா லூயி-டிரைஃபஸ் வந்து, ‘படு ஏமாற்றமான இன்னொரு கடைசி எபிசோடில் என்னையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி’ என்கிறார். பக்கத்திலேயே ஜெர்ரி சைன்ஃபெல்ட் நிற்கிறார். சம்பளம் வாங்கி நடித்துவிட்டு 17 வருடம் கழித்து இப்படி வருத்தப்படுவது நேர்மையா? பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே நடிக்க மறுத்திருக்கலாமே?

இதையெல்லாம் உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. உங்கள் நாவல்களின் முடிவை நினைத்து நீங்கள் வருந்தியதுண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாகக் கேட்கலாம். என் நாவல்களைப் பற்றிய கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறேன். அவற்றைக் கடைசிப் பக்கம் வரை படித்த யாராவது கேட்கட்டும், சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். லெட்டர்மேன் நிகழ்ச்சியில் வழக்கமாக வந்த பத்து வரி ஜோக் பட்டியலை எழுதியது அவருடைய எழுத்துக் குழு. அன்றைக்குப் பத்து பிரபலங்கள் வரிசையாக நின்று ஆளுக்கொரு வரி சொன்னார்கள். ஜூலியா சொன்னதும் அதில் ஒரு வரி. அவர் சொல்லி முடித்ததும் ஜெர்ரி திரும்பி ஒரு பார்வை பார்க்கிறாரே, அதையும் சேர்த்தால்தான் அந்த ஜோக் முழுசாகிறது. நீங்கள் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு நேர்மை, சம்பளம் என்று விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டீர்கள். அடுத்தவர் எழுதிய முடிவில் நடித்த பெண், அடுத்தவர் எழுதிய கேலியைச் சொல்கிறார். இரண்டுக்கும் அவரையே கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

இதில் நீங்கள் தனி ஆளில்லை, ஊர் வழக்கமே அதுதான். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 2019இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். திட்டு எழுதியவர்களுக்குத்தான். ஆனால் பேட்டிக்குப் பேட்டி முடிவைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்டதும், சங்கடமாகச் சிரித்துச் சமாளித்ததும் நடிகர்கள். ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ கதை இன்னும் விசித்திரம். கடைசி எபிசோடில் அப்பாவிடம் பேசும் இரண்டு பிள்ளைகளின் காட்சியைத் தொடரின் ஆரம்பக் காலத்திலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். அவர்கள் வளர்ந்துவிட்டால் முகம் மாறிவிடுமே. ஒளிபரப்பானது 2014இல். நடுவில் கதை எங்கெங்கே போகப்போகிறது என்று தெரியாமலே இருவரும் முடிவை நடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் எப்போது மறுத்திருக்க வேண்டும், சொல்லுங்கள்?

நடிகர்களுக்கு முடிவு எப்படி வந்து சேர்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மெகா சீரியலுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். டிஆர்பி சரிந்தது. சேனலில் கூப்பிட்டு, ஸ்லாட்டை வேறு சீரியலுக்குக் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமையோடு முடியுங்கள் என்றார்கள். மூன்று வருடக் கதையை ஒரே வாரத்தில் முடிக்கவேண்டும். காணாமல் போனவர்கள் வந்தார்கள், கோமாவில் இருந்தவர் எழுந்தார். மருமகளுக்குப் பாலில் விஷம் கலந்த மாமியார் திருந்தி, அவள் காலில் விழவேண்டும்.

மாமியாராக நடித்த அம்மா நாடகக் குழுவிலிருந்து வந்தவர். செட்டில் அன்று காலை சீன் பேப்பரை வாசித்துக் காட்டினோம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏன் தம்பி, நேத்து வரைக்கும் இவளக் கொல்லப் பாத்தேன். ராத்திரிக்குள்ள எனக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். கிண்டலில்லை, நடிப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. என்னிடம் காரணம் இல்லை. “சேனல்ல முடிக்கச் சொல்லிட்டாங்கம்மா” என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், “சரி, பிராம்ப்ட் பண்றவர வரச் சொல்லுங்க” என்றார். ஒரே டேக். கிளிசரின் கேட்கவில்லை. லைட்மேன்கள் வரை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். பரிமாற வந்த ஒரு அம்மாள் அவரை அடையாளம் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். “அவ கால்ல போய் விழுந்தியே, உனக்கு ரோஷமே இல்லியா?” இவர், ‘அதை நான் எழுதவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். எழுதியவன் பக்கத்திலேயே சாம்பாருக்குக் காத்துக்கொண்டிருந்தேன், கையைக் காட்டியிருக்கலாம். “என்ன பண்றதுக்கா, பேரன் முகத்தப் பாத்தேன், மனசு விட்டுப்போச்சு” என்றார். கதையில் பேரன் பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது உண்மை. அவனை வைத்து அந்தக் காலில் விழுதலுக்கு ஒரு நியாயம் சொல்லலாம் என்று எங்கள் கதை இலாகாவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மா யோசித்து வைத்திருந்தார். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு அழுதிருக்கிறார்.

நடிக்க மறுத்திருக்கலாமே என்கிறீர்கள். இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஒன்பது சீசன் கூட நடித்தவர்களையும், அந்தப் பாத்திரத்தையும், லைட் பிடித்தவரையும் கடைசி வாரத்தில் விட்டுவிட்டுப் போகிறவரைத்தான் நேர்மையானவர் என்பீர்களா? மோசமான காட்சி என்று தெரிந்தும் அதற்குள் போய் நின்று, தன்னால் முடிந்த உயிரைக் கொடுப்பதுதான் அந்தத் தொழிலின் நேர்மை. பின்னால் ஒருநாள் அதைச் சொல்லிச் சிரிப்பது அவர்களுடைய உரிமை.

வருத்தப்படவேண்டிய ஆள் வேறு. சைன்ஃபெல்ட்டின் அந்தக் கடைசி எபிசோடை எழுதியவர், ஜெர்ரியோடு சேர்ந்து அந்தத் தொடரை உருவாக்கிய லாரி டேவிட். ஏழாவது சீசனோடு விலகிப் போனவர், இதை எழுதத்தான் திரும்பி வந்தார். 1998 மே 14 அன்று அமெரிக்காவில் சுமார் 7.6 கோடிப் பேர் பார்த்தார்கள். கட்டிப்பிடித்து அழுவது கிடையாது, யாரும் திருந்திப் பாடம் கற்பது கிடையாது என்று அந்தத் தொடருக்கு விதி வைத்ததும் அவர்தான். நாலு பேரும் விதியை மீறவில்லை, சிறையில்கூடத் திருந்தவில்லை. முதல் எபிசோடில் பேசிய சட்டைப் பொத்தான் பேச்சையே திரும்பப் பேசுகிறார்கள். அதுவரை சரி. ஆனால் நீதிபதியைக் கொண்டுவந்துவிட்டார். ரொட்டியைப் பறிகொடுத்த பாட்டி, சூப் கடைக்காரர் என்று நாம் ரசித்துச் சிரித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி வந்து, இது குற்றம் என்கிறார். ஒரு வருடத் தண்டனை. இவர்கள் பாடம் கற்காவிட்டால் என்ன, பார்த்தவர்களுக்குப் பாடம் எடுத்தாயிற்றே. உங்களுக்கு ஏமாந்ததுபோல் இருந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஜெர்ரியே 2017இல், அதைச் செய்திருக்கவே கூடாதோ என்று சிலசமயம் தோன்றுகிறது, பெரிதாக ஏதாவது செய்யவேண்டும் என்ற அழுத்தம் இருந்தது, நகைச்சுவையில் பெரிது என்றாலே கெடுதல்தான் என்று சொன்னார். தான் தயாரித்து, தன் பெயரிலேயே வந்த தொடரைப் பற்றி அவர் அப்படிச் சொல்லலாம்.

லாரி டேவிட் என்ன செய்தார் தெரியுமா? 2024 ஏப்ரலில், தானே தானாக நடித்த ‘கர்ப் யுவர் எந்தூசியாஸம்’ தொடரை முடித்தபோது அதே நீதிமன்றம், அதே சாட்சி ஊர்வலம், அதே ஒரு வருடத் தண்டனை. இந்த முறை கூண்டில் அவரே. கடைசியில் வழக்கு செல்லாது என்று ஆகிறது, ஜெர்ரி வந்து அவரைச் சிறையிலிருந்து கூட்டிப் போகிறார். சைன்ஃபெல்ட்டையும் இப்படித்தான் முடித்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் இருவருக்கும் உறைக்கிறது. 26 வருடம் கழித்துத் திருத்தி எழுதியிருக்கிறார், மனுஷன் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல். ஜூலியாவுக்கு அந்த வசதி கிடையாது.

‘வீண்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். ஆளில்லாத அறையில் தட்டோடு உட்கார்ந்து தினமும் சிரித்திருக்கிறீர்கள். அதைக் கடைசி எபிசோட் வந்து எப்படித் திருப்பி வாங்கும்? நாலைந்து மாதம் போகட்டும். நாலு பேரும் சீன உணவகத்தில் மேஜை கிடைக்காமல் எபிசோட் முழுக்க நிற்பார்கள்... இல்லை, மூன்று பேர், கிரேமர் அதில் கிடையாது. அதை மறுபடி போட்டுப் பாருங்கள், ஜெயில் ஞாபகம் வருகிறதா என்று எழுதுங்கள்.

லாரி டேவிட் தொடரை நான் சொன்னேன் என்பதற்காக 12 சீசனையும் தொடர்ந்து பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள். இரவெல்லாம் விழித்து வேலை பார்க்கிற ஆள், பகலில் தூங்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது அந்த அறைத்தோழர்களோடு வெளியே போய்ச் சாப்பிடுங்கள்.