மேலாளர் சொன்னார் என்பது பதிலாகாது

வணக்கம் தம்பி. தமிழ்நாட்டில் வழக்கறிஞராக இருந்துவிட்டு, இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்னும் சட்டத் தொழிலராவதற்கான எஸ்கியூஈ தேர்வில் தேறி, இப்போது லண்டனில் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சொலிசிட்டராகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரலில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்துக்கு மார்ச் 31 என்று தேதியிட்டுத் தரும்படி மேலாளர் கேட்டாராம். நாளை ஏதாவது வந்தால் நிறுவனம் பார்த்துக்கொள்ளுமா, உங்கள் தலையில் விழுமா என்பது உங்கள் கேள்வி. உங்கள் தலையில்தான் விழும். இந்நாட்டில் நிறுவனச் சட்டப் பிரிவுகளிலேயே வேலை பார்த்து வருபவன் என்ற முறையில் அதன் காரணத்தைச் சொல்கிறேன்.

இந்தியாவில் இந்தக் கேள்வி உங்களுக்கு எழாமல் போனதில் வியப்பில்லை. இந்தியப் பார் கவுன்சிலின் 49ஆம் விதிப்படி, ஒருவர் முழுநேரச் சம்பளப் பணியில் சேர்ந்தால் அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, பணியில் இருக்கும் காலம் வரை வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். எனவே அங்கே நிறுவனத்தின் சட்ட அலுவலர் என்பவர் பெரும்பாலும் மற்ற ஊழியர்களைப் போன்ற இன்னோர் ஊழியர்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை தலைகீழ். சம்பளத்துக்குச் சேர்ந்தாலும் நீங்கள் சொலிசிட்டராகவே நீடிக்கிறீர்கள். சொலிசிட்டர்களைக் கட்டுப்படுத்தும் எஸ்ஆர்ஏ என்னும் ஒழுங்குமுறை ஆணையமும் உங்களோடு அலுவலகத்துக்குள் வந்துவிடுகிறது. உங்கள் நிறுவனம் பிஸ்கட் விற்றாலும் சரி, மென்பொருள் எழுதினாலும் சரி, அதை எஸ்ஆர்ஏ கட்டுப்படுத்துவதில்லை, உங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது.

2019 நவம்பர் 25 முதல் நடைமுறையில் இருக்கும் எஸ்ஆர்ஏவின் விதித்தொகுப்பு ஏழு அடிப்படைக் கொள்கைகளில் தொடங்குகிறது. சட்டத்தின் ஆட்சி, பொதுமக்களின் நம்பிக்கை, சுதந்திரமாகச் செயல்படுதல், நேர்மை ஆகியவற்றோடு கட்சிக்காரரின் நலனும் அதில் ஒன்று; ஆனால் இவை ஒன்றோடொன்று மோதும்போது பரந்த பொதுநலனைக் காக்கும் கொள்கைகளே முந்தி நிற்கும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கட்சிக்காரர் யார் என்பதில்தான். உங்கள் கட்சிக்காரர் நிறுவனம். உங்களுக்கு மதிப்பீடு எழுதி, விடுப்புக்கு ஒப்புதல் தரும் அந்த மேலாளர் அல்ல. அவர் நிறுவனத்தின் சார்பில் உங்களுக்கு வேலை சொல்ல அதிகாரம் பெற்ற ஒருவர், அவ்வளவே. அவருடைய வசதியும் நிறுவனத்தின் நலனும் வேறுபடும் இடத்தில், நீங்கள் இயக்குநர் குழு வரை செல்ல வேண்டி வரலாம்.

இனி அந்தத் தேதிக்கு வருவோம். கணக்காண்டு மார்ச் 31இல் முடிவதால் வருமானத்தை அந்த ஆண்டில் காட்ட வேண்டும் என்பதுதான் மேலாளரின் அவசரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரு தரப்பும் உண்மையிலேயே மார்ச் மாதத்திலேயே உடன்பட்டிருந்தால் அதற்கு நேர்மையான வழி உண்டு: கையெழுத்துக்குக் கீழே கையெழுத்திட்ட நாளையே எழுதிவிட்டு, ஒப்பந்தத்தின் உள்ளே ‘இது மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்ததாகத் தரப்பினர் இருவரும் கொள்வர்’ என்று ஒரு வாசகம் சேர்க்கலாம். அது அந்த இருவரிடையே செல்லும். தணிக்கையாளருக்கும் வரித்துறைக்கும் நடந்த உண்மையை அது மாற்றிக் காட்டாது, காட்டவும் கூடாது. கையெழுத்து நாளையே மாற்றி எழுதுவது வேறு விஷயம். அது பிறரைத் தவறாக நம்பவைக்கும் செயல். நேர்மையின்மை என்ற தலைப்பில் வந்து நிற்கும்.

அந்தத் தலைப்பில் இரக்கம் குறைவு. 2018இல் லண்டன் உயர் நீதிமன்றம் மூன்று சொலிசிட்டர்களின் வழக்குகளைச் சேர்த்து விசாரித்தது. அவர்களில் முன்தேதியிட்ட கடிதங்களைத் தயாரித்த இளம் சொலிசிட்டர் ஒருவரும் இருந்தார். அலுவலக நெருக்கடியும் மன உளைச்சலும் மட்டும் சொலிசிட்டர்களின் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படுவதைத் தடுக்கும் அளவுக்கு விதிவிலக்கான சூழ்நிலை ஆகிவிடாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அது கடுமையான தீர்ப்பு என்பது என் கருத்து. மேலே இருந்து நெருக்கியவர்களைவிடக் கீழே இருப்பவரே அதிகம் அடிபடுகிறார். ஆனால் சட்டம் அதுதான்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. திறன் பணியாளர் விசாவில் வந்திருந்தால், வேலை போன பிறகு வழக்கமாக 60 நாட்களே அவகாசம் கிடைக்கும். அதற்குள் வேறு நிறுவனம் ஆதரவளிக்க வேண்டும், இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். மேலாளருக்கும் அது தெரியும். வாய் திறந்து சொல்லாமலே அந்த அச்சம் அறையில் உட்கார்ந்திருக்கும். ஆனால் விசா போனால் மறுபடி விண்ணப்பிக்கலாம். பெயர் நீக்கப்பட்டவர் பதிவேட்டுக்குத் திரும்புவது மிகமிக அரிது.

புகார் செய்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். சட்ட நிறுவனங்களில் விதிகளைக் கண்காணிக்கவென்றே ஓர் அதிகாரி இருப்பார். அவரிடம் சொன்னால் பொதுவாகக் கடமை தீரும். உங்களைப் போல வணிக நிறுவனத்தில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதால், கடுமையான மீறல் என்று நியாயமாக நம்பினால் எஸ்ஆர்ஏவிடம் நேரடியாகவே தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்தக் கடமை எஸ்ஆர்ஏவின் கட்டுப்பாட்டில் உள்ளவர்களைப் பற்றியது. மேலாளர் சொலிசிட்டராக இருந்தால் அவருக்கும் பொருந்தும். விற்பனைத் துறைக்காரராக இருந்தால் பொருந்தாது, அப்போது நிறுவனத்துக்குள்ளேயே மேலே எடுத்துச் செல்வதுதான் வழி. வெளியே பேசும் முன் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது. முறைகேட்டை வெளிப்படுத்தும் ஊழியருக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பும், சட்ட ஆலோசனைக்காக உங்களிடம் சொல்லப்பட்ட இரகசியத்தை நீங்கள் வெளியிட்டால் கிடைக்காது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். வாய்மொழியாகக் கேட்டதற்கு வாய்மொழியாகப் பதில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். ‘கையெழுத்துத் தேதியை மாற்ற இயலாது; நடைமுறைத் தேதி குறித்த வாசகத்தை இணைத்துள்ளேன்; அது நிதிப் பிரிவின் தேவைக்குப் போதுமா என்று தணிக்கையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்’ என்று மூன்றே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றம் சாட்டும் தொனி அதில் வேண்டாம். பெரும்பாலான மேலாளர்கள் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். அதற்குப் பிறகும் அழுத்தம் தொடர்ந்தால், எஸ்ஆர்ஏவின் தொழில் நெறி உதவி எண்ணை அழைத்து, நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள். நிறுவனங்களில் பணிபுரியும் சொலிசிட்டர்களுக்கென 2024 நவம்பரில் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல்களையும் அதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.