அறுந்த இழையை யார் ஓட்டுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஸ்டெம் செல் பற்றியவை. எங்கேயோ யாரோ நன்றாக விற்றிருக்கிறார்கள்.

கேள்வி: அக்கா, என் மாமனாருக்கு 71 வயது. வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் மேசை போட்டு விற்ற ஒரு பவுடரை 268 வெள்ளிக்கு வாங்கி வந்துவிட்டார். “தூங்குகிற ஸ்டெம் செல்லைத் தட்டி எழுப்பும், அது உடம்பு முழுக்கப் போய்ப் பழுதான டிஎன்ஏவைச் சரிசெய்யும்” என்றார்களாம். தினமும் வெறும் வயிற்றில் குடிக்கிறார். ஸ்டெம் செல் உண்மையிலேயே டிஎன்ஏவைப் பழுதுபார்க்குமா?
– வாசகி, செங்காங்

பதில்: பார்க்கும். தன்னுடையதை மட்டும். ஊர் ஊராகப் போய் அடுத்த செல்லின் டிஎன்ஏவைத் தைத்துக் கொடுக்கிற வழக்கம் அதற்கு இல்லை. செத்த செல்லுக்குப் பதில் புதுசு பெற்றுத்தருவதுதான் அதன் வேலை.

பழுதுபார்க்கும் கருவிகள் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கின்றன. (ரத்தச் சிவப்பணுவை விட்டுவிடுங்கள், அதில் டிஎன்ஏவே கிடையாது.) ஒரு செல்லில் ஒரே நாளில் பல்லாயிரம் இடங்களில் டிஎன்ஏ சேதமாகிறது. வெயிலும் புகையும் மட்டுமல்ல, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரும் ஆக்சிஜனுமே அதை அரிக்கின்றன. டிஎன்ஏ என்பது வேதியியல் எழுத்துகள் வரிசையாகக் கோத்த இரண்டு இழை, ஒன்றுக்கொன்று எதிரெதிரே நிற்கும். மத்தியான வெயிலில் பேருந்து நிறுத்தம்வரை நீங்கள் நடந்தால், தோல் செல்லில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடனே ஒரு என்சைம் கூட்டம் வந்து, அந்த இடத்தைச் சுற்றி ஏறக்குறைய 30 எழுத்து நீளத்துக்கு ஒரு இழையை நறுக்கி எடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதி மூடிவிடும். இந்த மாதிரி வேலைகளைத் துருவிக் கண்டுபிடித்ததற்காகத்தான் தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சஞ்சார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால்தான் வில்லங்கம். என் அம்மா தேக்காவில் ஒரு தையல்கடையில் இழை ஓட்டும் வேலை பார்த்தவர். பட்டுப்புடவை கிழிந்து வந்தால் அவருக்கு இரண்டு வழி. புடவையின் உள்மடிப்பிலிருந்து அதே நிற நூலை உருவி, பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து இழை இழையாக ஓட்டுவார். முழுநாள் வேலை, கிழிந்த தடமே தெரியாது. சாயங்காலம் கல்யாணம் என்று வந்து நின்றால், இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்து ஒரே தையல். புடவை கட்டலாம், ஆனால் கட்டம் கோணியிருக்கும்.

டிஎன்ஏவிலும் இந்த இரண்டு வழிதான். முதல் வழிக்குப் பார்த்து எழுத ஒரு நகல் வேண்டும். செல் இரண்டாகப் பிரியத் தயாராகி, டிஎன்ஏவைப் படியெடுத்த பிறகுதான் அந்த நகல் பக்கத்தில் இருக்கும். இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், ஒட்டும் இடத்தில் எழுத்து தவறிப்போகலாம்.

இப்போது எலும்பு மஜ்ஜைக்கு வாருங்கள். அங்கிருக்கும் ரத்த ஸ்டெம் செல் பெரும்பாலும் பிரியாமல் தூங்குகிறது. நகல் இல்லை. அதனால் அறுந்தால் அவசரத் தையல்தான். 2010இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் எலிகளின் ஸ்டெம் செல்லில் இதைக் காட்டினார்கள்: கதிர்வீச்சுக்குப் பிழைத்துக்கொண்டன, ஆனால் குரோமோசோம்கள் (டிஎன்ஏவைச் சுருட்டி வைத்த மூட்டைகள்) கோணலாக ஒட்டியிருந்தன. அதே ஆண்டு டொராண்டோவில் மனிதத் தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்களைச் சோதித்தபோது வேறு கதை. அவை ஒட்டிக்கொண்டு பிழைப்பதைவிடச் சுலபமாகச் செத்துப்போயின. எலி முடிவை அப்படியே மனிதனுக்குத் தூக்கி வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

சாவது மோசமா? தோலின் மேல்பக்கத்துச் செல்லில் ஒரு பிழை நின்றால் சில வாரங்களில் அழுக்கோடு உதிர்ந்துவிடும். ஸ்டெம் செல்லில் நின்றால் அதன் வம்சமே பிழையோடு பிறக்கும். சந்தேகம் வந்தால் செத்துத் தொலைவது அதன் பக்கம் நியாயமான முடிவு. ஆனால் எல்லாமே செத்தால் ரத்தம் ஊறாதே. குடல் ஸ்டெம் செல் எளிதில் உயிரை விடும். மயிர்க்கால் ஸ்டெம் செல் பிடிவாதமாகப் பிழைக்கும், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். இடத்துக்கு இடம் கணக்கு வேறு.

“தட்டி எழுப்பும்” என்கிறார்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். எழுப்பினால் நகல் கிடைக்கும், தூக்கத்தில் சேர்ந்த பழுதைச் சரிசெய்துகொள்ளும் என்பது உண்மைதான். கூடவே ஒவ்வொரு பிரிவிலும் புதுப் பிழைக்கும் இடமுண்டு, திரும்பத் திரும்ப எழுப்பினால் ஸ்டெம் செல் களைத்துத் தீரும். அது தூங்குவது சோம்பேறித்தனம் இல்லை. பவுடரிலேயே ஸ்டெம் செல் இருந்தாலும், இரைப்பை அமிலம் அதைத் தோசையை நடத்துகிற மாதிரிதான் நடத்தும்.

ரத்த ஆய்வுக்கூடத்தில் 33 ஆண்டு நுண்நோக்கியில் கண்ணை வைத்திருந்தவள் நான். மஜ்ஜைத் துளியைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, ஊதா ஊதாவாக ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றைக் காட்டி இதுதான் ரத்த ஸ்டெம் செல் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. பார்வைக்கு ஒரு சின்ன லிம்போசைட் (ஒருவகை வெள்ளையணு) மாதிரியே இருக்கும். சிடி34 மாதிரி மேற்பரப்புப் புரதங்களில் ஒளிரும் எதிர்ப்பொருளை ஒட்டவைத்து, இயந்திரத்தில் ஓடவிட்டுத்தான் பிரித்தெடுக்கிறார்கள். கடைத்தொகுதி மேசைக்குப் பின்னால் நிற்பவருக்கு மட்டும் அது எழுந்ததும் தெரிகிறது, போன திசையும் தெரிகிறது.

மனிதரின் ரத்த ஸ்டெம் செல் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சுமார் 17 எழுத்துப் பிழை தங்கிவிடுகிறது. உங்கள் மாமனாருக்கு இப்போது ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். பயப்படாதீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான். 600 கோடி எழுத்தில் இவ்வளவு. பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை.

அவரைத் திட்டவேண்டாம். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரென்றால், அடுத்த முறை பலதுறை மருந்தகம் போகும்போது அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: 28 வயதில் நரை. டிஎன்ஏ பழுதா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: உங்கள் அப்பாவின் இளவயதுப் படத்தை முதலில் பாருங்கள். பெரும்பாலும் பரம்பரைதான். ஆனாலும் கேள்வி சரியான இடத்தில் தொடுகிறது. மயிர்க்காலில் நிறம் தரும் செல்லுக்கென்று தனி ஸ்டெம் செல் உண்டு. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தபோது அந்த ஸ்டெம் செல்கள் சாகவில்லை, பழுதையும் சுமந்துகொண்டு நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே முதிர்ந்து சாதாரண நிறச் செல்லாக மாறிவிட்டன. ஸ்டெம் செல் இருப்பு காலி, அடுத்து முளைத்த முடி வெள்ளை. பதவியை ராஜினாமா செய்கிற மாதிரி. ஆனால் அது எலி. உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: அம்மா, துவாஸில் என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பர் அரை டின் பீர் குடித்தாலே முகம் சிவந்துவிடுகிறது. நல்ல ரத்த ஓட்டம் என்கிறார். நானும் நம்பிவிட்டேன்.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: ரத்த ஓட்டம் இல்லை தம்பி, நச்சு. மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு ஆகிறது. அதை அப்புறப்படுத்தும் என்சைம் கிழக்காசியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சரியாக வேலை செய்யாது. தேங்கும் அசிட்டால்டிஹைடு டிஎன்ஏவின் இரண்டு இழையையும் ஒன்றோடொன்று கோத்துவிடும். அந்தக் கோப்பைப் பிரிக்கிற பழுதுபார்ப்பு வேலை பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற நோய் வருகிறது. மஜ்ஜை வற்றிப்போகும். 2018இல் கேம்பிரிட்ஜில், அசிட்டால்டிஹைடை அப்புறப்படுத்தும் அந்த என்சைம் இல்லாத எலிகளுக்கு மது கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த ஸ்டெம் செல்களில் சேதம் சாதாரண எலியைவிடப் பல மடங்கு. முகம் சிவந்தும் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்று நண்பரிடம் சொல்லுங்கள். உங்கள் முகம் சிவக்கவில்லை என்பதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: யானை அவ்வளவு பெரியது. அதற்கு நிறைய செல் இருக்குமே. ஏன் நிறையப் புற்றுநோய் வருவதில்லை?
– தொடக்கநிலை 5 மாணவி, ஈசூன்

பதில்: சபாஷ்! இந்த மாதத்தின் நல்ல கேள்வி உன்னுடையதுதான். பழுது பெரிதா சிறிதா, சரிசெய்வதா சாவதா என்று செல்லுக்குள் முடிவெடுக்கும் ஒரு புரதம் பி53. 1979இல் அதைக் கண்டவர்களில் ஒருவரான டேவிட் லேன் பிறகு நம் சிங்கப்பூரில், பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் வேலை பார்த்தார். பி53க்கான மரபணு உனக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. யானைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சுமார் இருபது இருபது. அதனால் யானையின் செல், டிஎன்ஏ கொஞ்சம் அறுந்தாலே, ஒட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாமல் செத்துவிடுகிறது. இடத்தை நிரப்ப அதற்கு வேறு செல் நிறைய இருக்கிறதே.