தவறிய பந்துக்குப் பிறகு: பூல் போட்டியில் கோபத்தைக் கையாளுவது

கேள்வி: லீக் போட்டிகளில் நைன்பால் (எண் பந்துகளில் குறைந்த எண்ணை முதலில் தொட்டு ஆடி, ஒன்பதை விழவைப்பவர் வெல்லும் பூல் ஆட்டம்) ஆடுகிறேன். தனியாகப் பயிற்சி செய்யும்போது கை நன்றாகப் பேசுகிறது. போட்டியில் ஒரு சுலபமான பந்தை விட்டுவிட்டால் போதும், உள்ளே கொதிக்க ஆரம்பித்துவிடும். போன வாரம், முதலில் 7 ரேக் (தனித்தனி ஆட்டம்) எடுப்பவர் வெல்லும் போட்டியில் 5-2 என்று முன்னால் இருந்தேன். எட்டாம் எண் பந்து பாக்கெட்டின் வாயிலேயே நின்றுவிட்டது. கியூவை, அதாவது அடிக்கும் கோலை, தரையில் ஓங்கிக் குத்தினேன், நடுவர் எச்சரித்தார். அதன்பின் ஒரு ரேக்கும் கிடைக்காமல் 7-5 என்று தோற்றேன். கோபம் வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: கோபமே வராமல் இருக்க வழி கிடையாது. வந்த கோபம் அடுத்த ஷாட்டுக்குள் நுழையாமல் தடுக்க வழி உண்டு. உங்கள் ஸ்கோரையே பாருங்கள். எட்டாம் பந்து தவறியதால் போனது ஒரே ஒரு ரேக். அப்போதும் 5-3 என்று நீங்கள்தான் முன்னால். அதற்குப் பிறகு போன நான்கு ரேக்குகளை அந்தப் பந்தின் கணக்கில் எழுத முடியாது. அவை நாற்காலியில் தோற்றவை.

ஓடி ஆடும் விளையாட்டில் எரிச்சல் வந்தால் காலில் இறக்கிவிடலாம். பூலில் தவறு செய்தவர் போய் உட்கார வேண்டும். எதிராளி சில நிமிடங்கள் மேசையைக் காலி செய்துகொண்டிருப்பார். அந்த நேரம் முழுக்க, விட்ட பந்து மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓடும். பயிற்சியில் இந்த நிலைமை வருவதே இல்லை. பந்து தவறினால் எடுத்து அதே இடத்தில் வைத்து மறுபடி அடிக்கிறோம், விழுந்ததும் மனம் ஆறிவிடுகிறது. அடிக்கப் பழகியிருக்கிறீர்கள், உட்காரப் பழகவில்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதில் இருக்கிறது.

கோபம் கையில் என்ன செய்கிறது

கோபத்தில் அட்ரினலின் ஏறும், இதயம் வேகமாக அடிக்கும், முன்கைத் தசைகள் இறுகும். கனமான எதையாவது தூக்க இது உதவும், கியூவுக்கு உதவாது. பின்கைப் பிடியின் இறுக்கத்தை 1 முதல் 10 வரை அளந்தால், நல்ல ஸ்ட்ரோக்கில் அது 2 அல்லது 3 இருக்கும். கோபத்தில் 6, 7 வரை போய்விடும், போனதே தெரியாது. இறுகிய கைக்குள் கியூ ஊசல்போல ஆடாது. மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், முழங்கை வெளிப்பக்கம் விரியும், பந்தைத் தொடும் கணத்தில் கியூவின் பின்முனை பக்கவாட்டில் நெளியும்.

சின்ன நெளிவுதானே என்று தோன்றலாம். ஒரு நேர் ஷாட்டை எடுத்துக் கணக்குப் போடுவோம். வெள்ளைப் பந்து ஒரு மீட்டர் ஓடி நிறப் பந்தைத் தொட வேண்டும், அங்கிருந்து மூலைப் பாக்கெட் அரை மீட்டர். வெள்ளையின் திசை 0.2 டிகிரி மாறினால், தொடும் இடத்தில் அது 3.5 மி.மீ. விலகியிருக்கும். பந்தின் விட்டம் 57 மி.மீ. மட்டுமே என்பதால், நிறப் பந்தின் திசை ஏறக்குறைய 3.5 டிகிரி திரும்பிவிடும். பாக்கெட்டை அடையும்போது விலகல் 30 மி.மீ. ஆகியிருக்கும். போட்டி மேசையில் மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 115 மி.மீ. பந்து நட்டநடுவில் போனாலும் ஒவ்வொரு பக்கத்திலும் மிஞ்சுவது 29 மி.மீ.தான். கண்ணுக்குத் தெரியாத 0.2 டிகிரி, பந்தைப் பாக்கெட்டின் ஓரத்தில் இடிக்க வைத்துவிடுகிறது.

இதோடு வேகமும் சேர்ந்துகொள்ளும். கோபத்தில் இருப்பவர் வழக்கத்தைவிடப் பலமாக அடிப்பார். மெதுவாக வரும் பந்து ஓரத்தில் உரசினாலும் உருண்டு விழுந்துவிடும். வேகமாக வரும் அதே பந்து பாக்கெட் வாயின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் தடதடவென்று ஆடி வெளியே வந்து நிற்கும். உங்கள் எட்டாம் பந்தும் அப்படித்தானா என்று யோசித்துப் பாருங்கள். வேகம் கூடக் கூடப் பாக்கெட் சிறுத்துக்கொண்டே போகிறது, தவறினால் எதிராளிக்குக் கையில் வைத்துக் கொடுத்தது போலாகிவிடுகிறது. சாக் பூச மறந்து டிப் (கியூவின் முனை) வழுக்குவது, அடிக்கும் முன்பே தலை தூக்குவது, நாலு முறை ஊசலாட்டும் கியூவை ஒரே முறையில் குத்திவிடுவது எல்லாம் இதன் உடன்பிறப்புகள்.

உங்கள் கை இறுகியிருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை. வெள்ளையை மேசையின் நீள நடுக்கோட்டில் வைத்து, அதன் மையத்தில் அடித்து, எதிர்க் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) பட்டு நேராகத் திரும்பி டிப்பையே வந்து தொட வையுங்கள். முதலில் சாதாரணமாகப் பத்து முறை. பிறகு வேண்டுமென்றே கையை 7 அளவுக்கு இறுக்கிக்கொண்டு பத்து முறை. இரண்டாவது பத்தில் பந்து எந்தப் பக்கம் விலகித் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் விலகும். போட்டியில் பந்துகள் அந்தப் பக்கம் தவற ஆரம்பித்தால், குறி பார்ப்பதில் பிழை தேடாதீர்கள், பிடியைத் தளர்த்துங்கள்.

தவறிய உடனே

பந்து தவறியதும் துள்ளி எழாதீர்கள். வெள்ளைப் பந்து நிற்கும்வரை குனிந்த நிலையிலேயே இருங்கள், இரண்டு மூன்று விநாடிதான். கியூ எங்கே போய் நின்றது, பிடி எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி அந்த விநாடிகளில் மட்டுமே கிடைக்கும். கோபத்தின் முதல் அலை உடம்பில் வெளிப்படுவதும் அப்போதுதான், அசையாமல் இருந்தால் அதற்குப் பிடிமானம் கிடைக்காது.

பிறகு நாற்காலிக்குப் போய் முதல் வேலையாகக் கியூவைக் கையிலிருந்து விடுங்கள். ஸ்டாண்டில் வையுங்கள், ஸ்டாண்டு இல்லையென்றால் சாய்த்து வையுங்கள். கையில் கியூ இருக்கும்வரை குத்தவும் தட்டவும் கை அலையும், பிடியும் தளராது. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் விரித்து வைத்து, மூக்கு வழியே 4 எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, 7 எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். ஐந்து முறை போதும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மூச்சு வெளியேறும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். ஆழமாக இழுத்துச் சட்டென்று விட்டால் படபடப்புதான் கூடும்.

எதையாவது அடித்துவிட்டால் ஆத்திரம் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தீராது, அடிக்க அடிக்கக் கோபம் ஊறத்தான் செய்யும். கியூவுக்கும் நல்லதில்லை. டிப்புக்குக் கீழே இருக்கும் ஃபெரூல் வெடிக்கும், இணைப்பு தளரும். அடுத்த ரேக்கில் கியூ வேறு ஒலி எழுப்பினால் அதற்கும் சேர்த்துக் கோபம் வரும்.

மூச்சு இறங்கிய பிறகு, தவறுக்கு ஒரு பெயர் வையுங்கள். நாலே பெயர்கள்தான்: அடி, பொசிஷன், முடிவு, அதிர்ஷ்டம். கை நெளிந்திருந்தால் அடி. முந்தைய ஷாட்டில் வெள்ளையைத் தப்பான இடத்தில் நிறுத்தியதால் கஷ்டமான கோணம் வந்திருந்தால் பொசிஷன். சேஃப்டி (எதிராளிக்குச் சுலபமான ஷாட் விடாத தற்காப்பு அடி) ஆட வேண்டிய இடத்தில் பாக்கெட்டைத் தேடிப் போயிருந்தால் முடிவு. மற்றதுதான் அதிர்ஷ்டம். நேர்மையாகப் பிரித்தால், அதிர்ஷ்டம் என்று திட்டுவதில் பெரும்பகுதி பொசிஷன் கணக்குக்குப் போய்விடும். பந்து தவறிய இடத்தில் தவறு நடந்திருக்காது, ஒன்றிரண்டு ஷாட் முன்பே நடந்திருக்கும். பெயர் வைத்தாயிற்று என்றால் விசாரணை முடிந்தது. திருத்தம் ஆட்டம் முடிந்த பிறகு.

மீதி நேரம் எதிராளியின் பந்துகளைப் பாருங்கள், ஆளைப் பார்க்க வேண்டாம். குஷன் எவ்வளவு துள்ளுகிறது, துணி வேகமாக இருக்கிறதா, எந்தப் பாக்கெட் பந்தைத் துப்புகிறது என்று இலவசமாகத் தகவல் கிடைக்கும் நேரம் அது. கண்ணுக்கு வேலை கொடுத்தால் மனதில் ஓடும் படம் தானாக மங்கும்.

மேசைக்குத் திரும்பும்போது

முதல் ஷாட்தான் ஆபத்தான ஷாட். இழந்ததை ஒரே அடியில் மீட்க வேண்டும் என்று கை துடிக்கும். பேங்க் (பந்தைக் குஷனில் மோதித் திருப்புவது), ஜம்ப் (வெள்ளையை இடையில் உள்ள பந்தைத் தாண்ட வைப்பது) என்று கண் போகும். இதற்கு முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பயிற்சியில் பத்துக்கு ஏழு முறை விழாத பந்தை, கோபம் வந்த பிறகான முதல் ஷாட்டில் முயலக் கூடாது, சேஃப்டிதான். விழக்கூடிய பந்து என்றால் வெள்ளையின் மையத்தில், வழக்கத்தைவிட ஒரு படி மெதுவாக. பக்கச் சுழற்சி இல்லாமல் பொசிஷன் கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே வரிசை வையுங்கள். நின்றபடியே முடிவெடுப்பது, சாக் பூசுவது, கோட்டில் கால் வைப்பது, குனிவது, நாலு ஊசல், ஒரு நிறுத்தம், அடி. குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் எழுந்துவிட வேண்டும், குனிந்தபடியே முடிவை மாற்றக் கூடாது. ஷாட் கிளாக் வைத்து ஆடும் போட்டிகளில் பெரும்பாலும் 30 அல்லது 35 விநாடி கிடைக்கும், இந்த வரிசைக்கு 20 விநாடியே தாராளம். எதிராளி ஃபவுல் செய்து பால் இன் ஹேண்ட் (வெள்ளையை விரும்பிய இடத்தில் வைக்கும் உரிமை) கிடைத்தால் இன்னும் நிதானம் வேண்டும். கோபத்தில் இருப்பவர்கள் வெள்ளையை அவசரமாக வைத்து, கிடைத்த வரத்தை வீணாக்கிவிடுவார்கள்.

மூன்று ஃபவுல் விதியை மறக்க வேண்டாம். நைன்பாலில் தொடர்ந்து மூன்று முறை ஃபவுல் செய்தால் ரேக் போய்விடும். இரண்டு ஆகிவிட்ட பிறகு கோபத்தில் ஆடும் கிக் ஷாட் (வெள்ளையை முதலில் குஷனில் அடித்துப் பந்தைத் தொட வைப்பது) பெரும்பாலும் மூன்றாவதில்தான் முடியும். அந்த நிலையில் மேசையில் உள்ள மிகக் குறைந்த எண் பந்தை முதலில் தொட்டு, பிறகு ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொட வைப்பது மட்டுமே இலக்கு.

எதிராளியால் வரும் எரிச்சல்

அவருக்குத் தவறுதலாகப் பந்து விழுவது பலரைக் கொதிக்க வைக்கும். நைன்பாலில் பாக்கெட்டைச் சொல்லி அடிக்க வேண்டியதில்லை. ஆகவே தற்செயலாக விழுவதும் விதிக்குள் அடங்கியதுதான், உங்களுக்கும் விழுந்திருக்கும், அதை நீங்கள் எண்ணி வைப்பதில்லை. இது உண்மையிலேயே தாங்க முடியாதவர்களுக்கு டென்பால் பொருந்தும், அதில் சொல்லி அடிக்க வேண்டும்.

சண்டைக்கு அதிகம் காரணமாவது, எந்தப் பந்து முதலில் பட்டது என்ற வாக்குவாதம். நடுவர் பக்கத்தில் இல்லாத ஆட்டத்தில், நெருக்கமான ஷாட் வருகிறது என்று தெரிந்தவுடனே, எதிராளி குனிவதற்கு முன்பே, பார்க்க ஒருவரைக் கூப்பிடுங்கள். அடித்து முடித்த பிறகு யார் கூப்பிட்டாலும் அது இரண்டு நினைவுகளுக்கு இடையிலான சண்டைதான். ஃபவுலைப் பார்த்தால் அடுத்த ஷாட் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், அதன்பின் அது நடக்காததாகவே கொள்ளப்படும். எதிராளி வேண்டுமென்றே இழுத்தடித்தாலோ, நீங்கள் குறி பார்க்கும்போது கண்முன் அசைந்தாலோ, ரேக்குகளுக்கு இடையில் நடுவரிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். எதிராளியிடமே பேசப் போனால் அவர் எதிர்பார்த்தது அவருக்குக் கிடைத்துவிடும்.

பல போட்டிகளில் 5 நிமிட இடைவேளை ஒன்று கேட்டுப் பெறலாம். உங்கள் லீகில் உண்டா என்று முன்பே விசாரித்து வையுங்கள். இரண்டு ரேக் தொடர்ந்து கோபத்தில் போனால் எடுத்துவிட வேண்டும், கடைசி ரேக்குக்காகச் சேமிப்பதில் பலன் இல்லை. பசியும் தூக்கக் குறைவும் எரிச்சலின் வாசலைத் தாழ்த்திவிடும். மதுவும் அப்படித்தான்.

உட்காரும் பயிற்சி

வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்பது பந்துகளை வைத்து பிரேக் செய்து (முதல் அடியில் கலைத்து), வெள்ளையை விரும்பிய இடத்தில் வைத்து, ஒன்று முதல் ஒன்பது வரை அடிக்கப் பாருங்கள். எல்லாம் விழுந்தால் ரேக் உங்களுக்கு, ஒன்று தவறினாலும் கண்ணுக்குத் தெரியாத எதிராளிக்கு. ஐந்து ரேக் எடுப்பவர் வெற்றி. ஒன்பது பந்து கடினமாக இருந்தால் ஆறோடு தொடங்கலாம். இதில் ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: தவறிய பந்தைத் திரும்ப வைக்கவே கூடாது. போய் உட்கார்ந்து, கியூவை விட்டு, மூச்சு, பெயர் வைத்தல் எல்லாம் முடித்து, மூன்று நிமிடம் கழித்தே எழ வேண்டும். எழுந்ததும் சுமாரான ஒரு ஷாட், ஒரே முறை. விழுந்ததா இல்லையா என்று தனியாக எழுதி வையுங்கள். முதல் வாரம் இந்த எண்ணிக்கை உங்களை வருத்தும், அந்த வருத்தத்தோடு ஆடிப் பழகத்தான் இந்தப் பயிற்சி.

கோபம் மேசையோடு நிற்காமல் வீட்டிலும் வேலையிலும் இதே வடிவில் வெடிக்கிறது என்றால், மனநல ஆலோசகரைப் பாருங்கள். அது பூல் பயிற்சியாளரின் எல்லைக்கு வெளியே.

இன்னொன்று, கோபத்தில் இருப்பவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் விதி. எதிராளி வெற்றிக்கான ரேக்கில் மேசையில் இருக்கும்போது நீங்கள் கியூவைக் கழற்ற முயன்றால், தோல்வியை ஒப்புக்கொண்டதாக உலக விதிகள் எடுத்துக்கொள்ளும். ஸ்னூக்கரில், 2006 யுகே சாம்பியன்ஷிப் காலிறுதியில் ரோனி ஓ'சல்லிவன் ஸ்டீஃபன் ஹென்ட்ரியிடம் 4-1 என்று பின்தங்கியிருந்தபோது, ஆறாவது ஃபிரேமின் (ஸ்னூக்கரில் ரேக் போன்றது) நடுவிலேயே கை குலுக்கிவிட்டு வெளியேறினார். ஹென்ட்ரி வெல்ல இன்னும் ஐந்து ஃபிரேம் எடுத்தாக வேண்டியிருந்தது. உங்கள் எதிராளி எட்டாம் பந்தை அடித்துவிட்டு ஒன்பதுக்குச் சுலபமாக வந்து நின்றாலும், அது விழுந்து வெள்ளையும் நிற்கும்வரை கியூ முழுதாக இருக்கட்டும். ஒன்பதோடு வெள்ளையும் பாக்கெட்டுக்குள் போனால் அது ஃபவுல். ஒன்பது திரும்ப மேசைக்கு வரும், வெள்ளை உங்கள் கைக்கு வரும்.