தண்ணீர் படிக்க விரும்பும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மருத்துவ பீடத்துக்குப் போக உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) போதவில்லை. இரண்டாம் முறை எழுதவும் அவளுக்கு விருப்பமில்லை. நீர்வளம், சுற்றாடல் என்று ஏதாவது படிக்கப் போகிறேன் என்கிறாள். அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் எந்த வாசலால் உள்ளே போகிறாள் என்பது முக்கியம்.

முதலில், பிள்ளையின் ஆசையை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேர்கிறது. நாம் காலங்காலமாகக் குடித்தது சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரை. அந்த நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நிற்கும் என்பது பாடநூல் கணக்கு. அதனால்தான் கண்டபடி மோட்டர் போட்டு இறைத்தால் கிணறு சவராகிவிடுகிறது.

அடுத்தது கிணற்றுநீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற உப்பு. செம்மண் தோட்டங்களுக்குப் போடும் உரமும், நெருக்கமான வளவுகளில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மலசலகூடக் குழியும் இதற்குக் காரணம். இலங்கைத் தரத்தின்படி குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் இருக்கலாம். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் அதைத் தாண்டிய கிணறுகள் பல. கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் கூடுதல் ஆபத்து. பார்வைக்கும் வாய்க்கும் தெரியாத ஒன்றை அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொன்று பயமில்லை என்றது. சனம் எதை நம்புவது என்று தெரியாமல் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய் 2019 இல்தான் தீர்ப்பு வந்தது. அந்த நேரத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டவர்கள், எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், எப்படி மாதிரி எடுத்தோம் என்று கேட்டால் தடுமாறாமல் விளக்கக்கூடிய இரசாயனவியலாளர்கள்.

அளந்தால் மட்டும் போதாது, திட்டமிடவும் வேண்டும். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நிரப்பி ஆனையிறவுக் கடல்நீரேரியை அடைகிறது. அந்தக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோக (கோடைகால) நெல்லுக்கே தண்ணீர் போதாத வருடங்களைப் பார்த்தவர்கள், அவர்களின் பயம் நியாயமானது. அப்புறம் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. ஒரு ஆற்றுப்படுகையில் மேலே இருப்பவர், கீழே இருப்பவர், தோட்டக்காரர், பட்டணத்தார் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்திக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு.

சரி, இனி மகளின் விடயம். என் கருத்து இதுதான்: முதல் பட்டத்தின் பெயரில் 'நீர்' இருக்கிறதா என்று தேடவேண்டாம், கைவசம் ஒரு உறுதியான அடிப்படைப் பாடம் இருக்கட்டும். அவள் உயிரியல் பிரிவு, இரசாயனவியலில் நல்ல பெறுபேறு என்கிறீர்கள். அப்படியானால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியலை விடாமல் படிப்பதை முதலாவதாக வைப்பேன். கிளிநொச்சியில் இருக்கும் விவசாய பீடம் இரண்டாவது. மண்ணும் நீர்ப்பாசனமும் அங்கே வரும். வவுனியாப் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானமும் நல்லதுதான், ஆனால் அதை எடுத்தால் ஆய்வுகூட வேலையையும் புள்ளிவிபரவியலையும் தானாகவே பலப்படுத்திக்கொள்ள வேண்டும். அகலமாகப் படித்து எதிலும் ஆழமில்லாமல் வெளியே வரும் பிள்ளைகள்தான் நேர்முகத் தேர்வில் திணறுகிறார்கள். கணிதப் பிரிவாக இருந்தால் சிவில் பொறியியலைச் சொல்லியிருப்பேன்.

வேலை என்று பார்த்தால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நீர்வளச் சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகார சபை எல்லாம் இருக்கின்றன. அரச ஆட்சேர்ப்பு ஒழுங்காக வருவதில்லை, போட்டிப் பரீட்சைக்கு இடைவெளி விட்டுத்தான் அழைப்பார்கள். அதை மட்டும் நம்பி வீட்டில் இருக்கவிடாதீர்கள். தனியார் பரிசோதனைக் கூடங்கள், போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலைகள், சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று வேறு இடங்களும் உண்டு. தொடக்கச் சம்பளம் மருத்துவருடையதைப் போல இருக்காது, அதையும் அறிந்தே முடிவெடுங்கள்.

வெளிக்களத்துக்குப் பெண்பிள்ளை தனியே போவதா என்று கேட்டிருந்தீர்கள். மாதிரி எடுக்கப் போவது பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான். ஆய்வுகூடத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் குறைவு.

கேம்பஸ் தொடங்கும் வரை சும்மா இருக்காமல் ஆங்கிலத்தையும் எக்செல்லையும் பழகட்டும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம்; உங்கள் பிரதேச சபைப் பிரிவின் கிணறுகளை அதில் குறித்துப் பார்க்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் வந்ததும், பாடநெறிகளின் விருப்ப ஒழுங்கை நிரப்பமுன் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு முறை அனுப்பிவிட்டால் மாற்றுவது கஷ்டம். மகாபொல உதவிப்பணத்துக்கு வருமானச் சான்றிதழை இப்போதே கிராம சேவையாளரிடம் கேட்டு வையுங்கள்.